மிளகாய் லாரியை எழுதியது யார்

1

தீபாவளி நாடகத்துக்காக மண்டபம் பிடிக்கும் படிவத்தில் ஏழாவது கேள்வி: மேடையில் தீ, பட்டாசு, புகை ஏதேனும் பயன்படுத்துவீர்களா? 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டு, ஒரு நிமிடம் பேனாவைக் கீழே வைத்தேன். சிவகாசியில் பிறந்து வளர்ந்தவன் தன் கையால் அப்படி ஒரு டிக் அடித்ததை ஊரில் யாரும் பார்க்கவில்லை என்பதே ஆறுதல்.

நான் இருப்பது மெல்பர்னின் கிழக்குப் புறநகர். பட்டாசு வெடிக்க வேண்டுமென்றால் இங்கே அதற்கென்று உரிமம் வைத்திருப்பவர்தான் வெடிக்க முடியும். இருபது வருடங்களாகத் தீபாவளிக்குக் கம்பி மத்தாப்போடு காலம் தள்ளுகிறோம். வெடிச் சத்தத்துக்குப் பதிலாக எங்கள் தமிழ்க் குழு வருடம் ஒரு நாடகம் போடுகிறது. முப்பது குடும்பம், பதினோரு நடிகர்கள், கால்பந்து மைதானத்தை ஒட்டிய நகராட்சி மண்டபம்.

ஏழாவது கேள்வியைத் தாண்டிவிட்டேன். என்னை நிறுத்தியது பன்னிரண்டாவது. நாடகத்தை எழுதியவர் யார்? உயிரோடு இருக்கிறாரா? இறந்திருந்தால் எத்தனை ஆண்டுகள் ஆயின? உரிமையாளர் எழுத்தில் கொடுத்த அனுமதியை இணைக்கவும். அதற்குக் கீழே இன்னொன்று: நாடகத்தில் மாற்றம் செய்திருக்கிறீர்களா? அது எழுதியவருக்குத் தெரியுமா?

மண்டபப் பொறுப்பாளர் ஹெலனிடம் போனில் கேட்டேன். இதற்கு முன் இந்தக் கேள்விகள் இருந்ததில்லையே?

"போன வருடம் ஒரு குழு இங்கே ஒரு இசை நாடகம் போட்டது" என்றார் ஹெலன். ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன். "அனுமதி வாங்கவில்லை. உரிமைக்காரர்களின் வக்கீலிடமிருந்து அவர்களுக்கும் கடிதம் வந்தது, எங்களுக்கும் வந்தது. இனி அனுமதிக் கடிதம் இல்லாமல் மண்டபச் சாவி இல்லை."

"எங்கள் நாடகம் கோயில் திருவிழாவில் போட்டது. டிக்கெட்கூடக் கிடையாது."

"டிக்கெட் இல்லாவிட்டாலும் யாரோ எழுதியிருப்பார்கள் இல்லையா?"

நாற்பது நாளில் கடிதம் தர வேண்டும் என்று முடித்துக்கொண்டார். அவர் கேட்டது நியாயம்தான். இந்த நாடகம் எனக்கு முப்பது வருடங்களுக்கு மேலாகத் தெரியும். அதில் நடித்தவன் நான். அதை எழுதியது யார் என்று அதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. நானும் யாரையும் கேட்டதில்லை.

2

நாடகத்தின் பெயர் 'மிளகாய் லாரி'. கதை சின்னது. சிவகாசியில் அச்சாபீசில் வேலை பார்க்கும் பெண். விருதுநகரில் மிளகாய் வத்தல் வியாபாரம் செய்யும் வீட்டு மாப்பிள்ளை. முறைப்படி பெண் பார்க்க வருவதற்கு முன்னால் ரகசியமாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று மாப்பிள்ளை வத்தல் மூட்டை ஏற்றிய லாரியில் ஒளிந்து வருகிறான். வழி நெடுகத் தும்மல். சிவகாசியில் லாரியை நிறுத்தியதும் திருடன் என்று பிடித்துக் காகித குடோனில் கட்டிப் போட்டுவிடுகிறார்கள். கடைசியில் உண்மை தெரிந்து, கட்டை அவிழ்த்து, மேளம் கொட்டிக் கல்யாணம்.

சித்திரைப் பொங்கல் திருவிழாவில், ஒரு பெரிய அச்சாபீசின் கலைக்குழு இதை அரங்கேற்றியது. என் அப்பா அங்கே கணக்கப்பிள்ளை. அந்த உறவில் கல்லூரி மாணவனான எனக்கும் ஒரு வேடம் கிடைத்தது. பெண்ணின் அம்மா. சேலை கட்டிக்கொண்டு அழுதேன். அழுகைக்கு நல்ல கைதட்டல் கிடைத்ததாக ஞாபகம். உண்மையில் தலையில் வைத்த பொய்முடி கழன்று விழுந்ததற்கு என்று அப்பா பல தடவை திருத்தியிருக்கிறார்.

அன்றைய என் வசனப் பிரதியும் அரங்கேற்ற நோட்டீஸும் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் என்னோடு மெல்பர்ன் வரை வந்துவிட்டன. அந்த நோட்டீஸை மகள் இனியாவிடம் காட்டினேன். இந்த வருடம் அவள்தான் கல்யாணப் பெண். இருபது வயது. நான் தமிழில் கேட்டால் பாதி ஆங்கிலத்தில் பதில் சொல்பவள், நடிக்க ஒப்புக்கொண்டதே எனக்கு ஆச்சரியம். எல்லாம் முறையாக இருக்க வேண்டும் என்பது அவளுடைய ஒரே நிபந்தனை. அடுத்தவர் எழுதியதைக் கேட்காமல் எடுத்துப் போடுவதற்கு அவள் அகராதியில் ஒரே சொல்தான், திருட்டு.

இனியா எழுத்துக்கூட்டிப் படித்தாள். "கதை, வசனம், தொழிலதிபர் வெள்ளைச்சாமி அண்ணாச்சி அவர்கள். அப்பா, இதான் ஆன்ஸர். சிம்பிள்."

"அவர் எழுதவில்லை."

"போட்டிருக்கே?"

"நோட்டீஸை இலவசமாக அடித்துக் கொடுத்தவர் அவர். அச்சாபீஸ் முதலாளி. நோட்டீஸ் யார் உபயமோ அவர் பெயர் கதை, வசனத்தில் வரும். அது நன்றி சொல்கிற முறை."

"அப்ப இயக்கம்?"

"மைக் செட் கொடுத்தவர்."

"இசை?"

"ஜெனரேட்டர், டியூப் லைட்."

"நடனம்னு ஒரு பேர் இருக்கே. ப்ளேல டான்ஸே இல்லையே."

"ஒத்திகைக்கு வந்தவர்களுக்குப் பரோட்டா, சால்னா வாங்கிக் கொடுத்தவர்."

அவள் நோட்டீஸைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் பாதி அச்சான ஒரு லட்சுமி படம் இருந்தது. நாலு வண்ணத்தில் மஞ்சள் மட்டும் விழுந்திருந்தது. மெஷின் ஓட்டிப் பார்க்கையில் வீணான தாளில் நோட்டீஸ் அடிப்பதும் எங்கள் ஊர் வழக்கம்தான். "ஸோ, இதுல எழுதினவர் பேரே இல்ல" என்றாள்.

ஒன்பது வருடம் மதுரையில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தவன் நான். பெயர், வயது, ஊர் இல்லாத செய்தியை மேஜையிலிருந்தே திருப்பி அனுப்பியிருக்கிறேன். என் பெட்டிக்குள் இந்தத் தாள் இத்தனை காலம் கிடந்திருக்கிறது.

3

ஆவணியில் விருதுநகரில் தங்கை மகன் கல்யாணம். எப்படியும் போக வேண்டியிருந்தது. படிவத்தையும் நோட்டீஸையும் எடுத்துக்கொண்டேன்.

சிவகாசிக்கு அது மூச்சு விட நேரம் இல்லாத மாதம். பட்டாசுக்குக் கடைசிக்கட்ட சீசன். காலண்டருக்கு ஆடிப்பெருக்கில் ஆல்பம் வெளியிட்டு ஆர்டர் குவிகிற நேரம். பஸ் ஸ்டாண்டிலிருந்து அச்சாபீசுக்குப் போகும் வழியெல்லாம் அட்டைப்பெட்டி ஏற்றிய வண்டிகள். வெள்ளைச்சாமி அண்ணாச்சி இறந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது மகன் பாஸ்கர் பார்க்கிறார். நாடகம் போட்ட வருடம் பள்ளிக்கூடத்துப் பையனாக முதல் வரிசையில் மணலில் உட்கார்ந்திருந்தவர்.

"வாங்கண்ணே. எப்ப வந்தீக? சாப்பிட்டீகளா? கணக்கப்பிள்ளை மகன்னு சொன்னதும் எனக்குச் சேலை கட்டி அழுத முகம்தான் ஞாபகம் வந்துச்சு" என்றார். முடி கழன்ற கதை இன்னும் உயிரோடு இருக்கிறது.

மெல்பர்னில் போட அனுமதிக் கடிதம் வேண்டும் என்று சொல்லி நோட்டீஸை நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிப் படித்தார். முகம் மாறியது.

"கதை, வசனம் அப்பாவா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் மேனேஜரைக் கூப்பிட்டுவிட்டார். "இங்கன பாருங்க. அப்பா நாடகம் எழுதியிருக்காக. ஆஸ்திரேலியாவுல போடப் போறாகளாம். அனுமதி கேட்டு வந்திருக்காக." மேனேஜர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கம்பெனி லெட்டர்பேடில் ஐந்தே நிமிடத்தில் அனுமதிக் கடிதம் தயாரானது. கையெழுத்து, முத்திரை, அதன் மேல் இன்னொரு முத்திரை. மெல்பர்ன் மேடையில் அப்பா படத்தை வைக்க வேண்டும் என்பது மட்டும்தான் வேண்டுகோள். வருகிற வருடத் தினசரி காலண்டரில் அப்பா படத்துக்குக் கீழே 'தொழிலதிபர், நாடக ஆசிரியர்' என்று போடப் போவதாகவும் சொன்னார்.

"அப்பா மிஷின் சத்தத்துல வாழ்ந்த மனுஷன்னு நெனச்சேண்ணே. உள்ளுக்குள்ள இம்புட்டு நகைச்சுவை இருந்திருக்கு பாருங்க."

ஒரு நிருபர் அந்த இடத்தில் இரண்டாவது கேள்வி கேட்டிருக்க வேண்டும். நான் காபியைக் குடித்து முடித்தேன். எனக்குத் தேவை ஒரு கடிதம். அது கையில் இருந்தது. அதைப் படம் எடுத்து இனியாவுக்கு அனுப்பிவிட்டு விருதுநகர் பஸ்ஸில் ஏறினேன். திருத்தங்கல் தாண்டுவதற்குள் பதில் வந்துவிட்டது.

'க்ரேட். பட் அவர் எழுதலன்னு நீங்கதானே சொன்னீங்க?'

அடுத்து ஒன்று. 'எழுதாதவர் பெர்மிஷன் கொடுத்தா அது எப்படி பெர்மிஷன்?'

இவளை வாரக் கடைசித் தமிழ் வகுப்புக்கு அனுப்பிய காலத்தில், மொழி கைவிட்டுப் போய்விடும் என்று கவலைப்பட்டிருக்கிறேன். எதற்கு அந்தக் கவலை என்று இப்போது தோன்றியது.

4

நடித்த எங்கள் எல்லோருக்கும், எழுதியது கணேசன் அண்ணன் என்றுதான் நினைப்பு. ஆஃப்செட் மெஷின்மேன். ஒத்திகையை நடத்தியவர், வசனத் தாள்களைக் கொண்டுவந்து கொடுத்தவர். யார் எழுதியது என்று மற்ற நடிகர்கள் கேட்டால் "எழுதினவக எழுதினாக, நீ ஒழுங்கா மனப்பாடம் பண்ணு" என்பார். தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டோம். ஓய்வு பெற்று விருதுநகரில் மனைவியின் ஊரிலேயே தங்கிவிட்டார் என்று தங்கை சொன்னாள். தெப்பக்குளத்துக்குப் பக்கத்துத் தெரு.

கதவைத் திறந்தவர் ஒரு கணம் பார்த்துவிட்டு, "ஏலே செல்வம், முடி கழண்டு விழுந்தவன்தானல நீ" என்றார்.

உள்ளே சாப்பாட்டு மேஜையில் ஒரு பெண்மணி கல்யாணப் பத்திரிகைகளைப் பரப்பிவைத்துச் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். தங்கமாரி அக்கா. அச்சாபீசில் ப்ரூஃப் பார்த்தவர். காலண்டர், பட்டாசுப் பெட்டி லேபிள், கல்யாணப் பத்திரிகை எது அச்சேறினாலும் அவர் கண்ணைத் தாண்டித்தான் போகும். முப்பது வருடம் அதே நாற்காலி. கணேசன் அண்ணன் அவரைத்தான் கல்யாணம் செய்திருக்கிறார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

வந்த விஷயத்தைச் சொல்லிப் படிவத்தை கணேசன் அண்ணனிடம் நீட்டினேன். "நீங்க எழுதினதுன்னு ஒரு கையெழுத்துப் போடணும்ணே."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்து முடிக்க நேரம் எடுத்தது. "எனக்குக் கேஸ் சிலிண்டர் புக் பண்ண ஒரு மெசேஜ் ஒழுங்கா அனுப்ப வராது. இவகிட்ட கேளு."

தங்கமாரி அக்கா பேனாவை மூடவில்லை. "எதுக்குப்பா இப்ப அது? முடிஞ்சு போன நாடகம்."

"நீங்களாக்கா எழுதினது?"

"மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல எழுதினேன். இருபத்தாறு வயசு, கல்யாணம் ஆகல. மாப்பிள்ளையக் கேலி பண்ணி ஒரு பொண்ணு நாடகம் எழுதியிருக்கான்னு தெரிஞ்சா, எங்க வீட்டுல என்னைய வேலைக்கே அனுப்பியிருக்க மாட்டாக. அதான் இவுக கையால தாளக் கொடுக்கச் சொன்னேன். பேர் வேணாம்னு சொன்னதும் நான்தான்."

"தாளக் குடுக்கிறப்ப வெரல் பட்டுச்சு. அதுக்கப்புறம் நடந்ததுதான் கல்யாணம்" என்றார் கணேசன் அண்ணன்.

"ஆமா, இவரு மிஷின் மசி ஒட்டின வெரலு. பாதி வசனம் அழிஞ்சு போச்சு."

அக்கா படிவத்தை வாங்கி, பழக்க தோஷத்தில் பேனாவோடு படித்தார். பெயர் எழுதும் கட்டத்தில் பேனா நின்றது. எழுதவில்லை. கடைசிக் கேள்விக்குப் போனார்.

"மாத்தம் செஞ்சிருக்கீகளான்னு கேட்டிருக்கான் பாரு. இதுக்கு என்ன போடப் போற?"

"ஒரு வரிகூட மாத்தலைக்கா. அன்னைக்கு மேடையேத்தினது அப்படியே."

"அங்கனதான் தப்பு. அன்னைக்கு மேடையேத்துனது நான் எழுதுனது இல்ல."

எழுந்து உள்ளே போனவர், துணிப் பைக்குள்ளிருந்து ஒரு கட்டு எடுத்துவந்தார். காலண்டர் ப்ரூஃப் தாள்கள். முன்பக்கம் லேபிளும் சாமி படமும். பின்பக்கம் நெருக்கி எழுதிய எழுத்து. மாப்பிள்ளையைக் கட்டிப் போட்டதுவரை நாங்கள் நடித்ததேதான். அதற்குப் பிறகு வேறு. கட்டை அவிழ்த்ததும் மாப்பிள்ளை சட்டையைத் தட்டிக்கொண்டு, பெண்ணைப் பார்த்து முதலில் கேட்கிறான்: கல்யாணத்துக்கப்புறம் வேலைக்குப் போக மாட்டயில்ல? பெண் அவனை மேலும் கீழும் பார்க்கிறாள். லாரி டிரைவரைக் கூப்பிடுகிறாள். "மேல கை வச்சுப் பாத்தா மூட்டை நல்லாத்தான் தெரியும். நடுவுல கை விட்டுப் பாத்துட்டேன். லோடு சரியில்ல. திருப்பி ஏத்திட்டுப் போங்க." லாரி கிளம்பும் சத்தம். தும்மல் சத்தம். திரை.

வத்தல் மண்டியில் சரக்கைப் பார்க்கும் விதம் அதுதான். மூட்டையின் வயிற்றில் கைவிட்டு எடுத்துப் பார்த்து, பிடிக்காவிட்டால் லோடோடு திருப்பிவிடுவார்கள். விருதுநகர்ப் பெண் எழுதியது என்று அந்த ஒரு வரியிலேயே தெரிகிறது. நான் நடித்த நாடகத்தில் அந்த வரி இல்லை.

"இந்த முடிவு மேடையில வந்திருந்தா, பயந்துபோய் இவளக் கேட்டுருக்கவே மாட்டேன்" என்றார் கணேசன் அண்ணன்.

அக்கா அவர் பக்கம் திரும்பவில்லை. "செல்வம், பேர் அன்னைக்கு நான் வேணாம்னது. அது எங்கணக்கு. ஆனா முடிவ மாத்துனது என்னையக் கேட்டு இல்ல. திருவிழா அன்னைக்குக் கூட்டத்துல நின்னு பாக்குறேன், எம்பொண்ணு தலையக் குனிஞ்சுக்கிட்டு மாலைய வாங்குறா. எல்லாரும் கை தட்டுறீக. நானும் தட்டுனேன், வேற என்ன செய்ய? இப்பக் கையெழுத்து வேணும்னா அவ அந்த லாரியத் திருப்பி அனுப்பணும். அது நடக்கும்னா எம்பேரும் போட்டுக்க. இல்லையின்னா வேற நாடகம் பாரு."

ஹெலனுக்குத் தர வேண்டிய நாளுக்கு இன்னும் பத்தொன்பது நாள். மெல்பர்னில் பதினோரு பேர் பழைய முடிவை மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள்.

"ஏற்கெனவே ஒரு அனுமதிக் கடிதம் வாங்கிட்டேன்க்கா" என்று ஒப்புக்கொண்டேன். பாஸ்கர் கொடுத்த கடிதத்தைக் காட்டினேன்.

படித்துவிட்டு அக்கா செருப்பை மாட்டினார். "நாளைக்குக் காலைல முதல் பஸ்ஸுல சிவகாசி போறோம். இப்ப அச்சுக் கடைக்குப் போயி இந்தப் பத்திரிகையக் குடுத்துட்டு வந்துடறேன். மணமகன் பேருக்குப் பதிலா மாமனார் பேரப் போட்டு வச்சிருக்காக."

5

மறுநாள் பாஸ்கரின் அறையில் எங்கள் இருவரையும் பார்த்ததும் மேனேஜர் தானாகவே லெட்டர்பேடை எடுத்தார்.

நான் சொல்ல வேண்டியதை நானே சொன்னேன். நோட்டீஸ் வழக்கம், உபயம், நன்றி. முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும் என்பதையும். பாஸ்கர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார்.

"அப்ப அப்பா எழுதலயா?"

"எழுதலய்யா" என்றார் அக்கா.

பிறகு அவருக்குள் இருந்த வியாபாரி விழித்துக்கொண்டார். "சரிக்கா, ஒரு பேச்சுக்குக் கேக்கேன். நீங்க எங்க கம்பெனி ஆளு. கம்பெனி நேரத்துல எழுதினது. கம்பெனி ஆளு செஞ்ச வேலை கம்பெனிக்குத்தானே சேரும்?"

"எனக்குக் குடுத்த வேலை ப்ரூஃப் பாக்குறது. நாடகம் எழுதச் சொல்லி யாரும் சம்பளம் போடல. எழுதினது சாப்பாட்டு நேரத்துல."

"தாளு எங்களது."

"முன்பக்கம் உங்களது. அச்சு வீணாப் போயிக் குப்பைக்குத் தள்ளுனது. பின்பக்கம் என்னோடது."

மேனேஜர் இருமினார். அது சிரிப்பு என்று எனக்குப் பட்டது. இந்த விவாதத்தை நான் பிறகு இனியாவிடம் சொன்னபோது அவள் தன் சட்டம் படிக்கும் தோழியிடம் கேட்டாள். வேலையின் பகுதியாகச் செய்ததா, இல்லையா என்பதுதான் கேள்வியாம்; வழக்கு நடந்தால் ப்ரூஃப் பார்க்கிறவர் பக்கம்தான் பலமாம். அக்காவுக்கு அது சாப்பாட்டு மணியடித்ததிலிருந்தே தெரிந்திருக்கிறது.

"நீங்க எழுதினதுதான்னு நான் எப்படி நம்புறது?" என்று பாஸ்கர் கடைசியாகக் கேட்டார். கோபத்தில் இல்லை. வாங்கிய ஒரு பொருளைத் திருப்பிக் கொடுக்க மனம் வராதவர் கேட்கிற மாதிரி இருந்தது.

அக்கா, திருவிழா முடிந்த பிறகே தன் கைக்குத் திரும்பி வந்த கட்டின் கடைசித் தாளை எடுத்து மேஜையில் வைத்தார். லாரி திரும்பும் காட்சி. ஓரத்தில் பச்சை மையில் சாய்வாக இரண்டு வரிகள்:

'மாப்பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது. திருவிழா நேரம். முடிவை மாற்றவும்.' கீழே ஒரு கையெழுத்து.

பாஸ்கர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பச்சை மையை நானும் அறிவேன். என் அப்பாவின் விடுப்புக் கடிதங்களில் எல்லாம் 'பார்க்கலாம்' என்று எழுதியிருக்கும். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் அண்ணாச்சியின் பழைய விசிட்டிங் கார்டு ஒன்று பச்சைக் கையெழுத்தோடு இருந்தது. பாஸ்கர் தாளை அதன் பக்கத்தில் நகர்த்தினார்.

"தான் எழுதினதுக்குத் தானே 'மாற்றவும்'னு எழுத மாட்டாகள்ல" என்றார் மெதுவாக.

அவர் பெருவிரலால் அந்தப் பச்சை எழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்தது. "வீட்டுலயும் இப்படித்தாங்க்கா. என் கல்யாணப் பத்திரிகையிலயே மூணு தடவ 'மாற்றவும்' போட்டாக."

"தெரியும்யா. நான்தானே திருத்தினேன்."

"காலண்டர் ப்ளேட் போட்டாச்சேக்கா. 'நாடக ஆசிரியர்'னு."

"அச்சு ஏறிருச்சா?"

"இன்னும் இல்ல."

"அப்ப எடுங்க. உங்கப்பா தொழிலதிபரு. அதுவே பெரிய விஷயம்தான். நம்ம நோட்டீஸுல 'முதல் மேடையேற்றம், வெள்ளைச்சாமி அண்ணாச்சி உபயம்'னு போடுவோம். அது பொய்யில்ல. அவுக இல்லாட்டி மைக்கும் இல்ல, மேடையும் இல்ல."

பாஸ்கர் எனக்குக் கொடுத்த கடிதத்தை வாங்கி நாலாகக் கிழித்தார். பிறகு, சிவகாசிக்காரர் என்பதை நிரூபிக்கும் வகையில், மெல்பர்ன் நாடகத்துக்கு நோட்டீஸ் நானே அடித்துத் தருகிறேன், மல்டி கலர், இந்தத் தடவை நல்ல தாளில், என்றார்.

"எம்பேரு கதை, வசனத்துல வராது, தெரியுமில்ல?" என்றும் சேர்த்துக்கொண்டார். அக்கா அங்கேயே, அவர் பேனாவை வாங்கி, என் படிவத்தின் பன்னிரண்டாவது கட்டத்தை நிரப்பிக் கையெழுத்திட்டார். எழுதியவர்: ச. தங்கமாரி. உயிரோடு இருக்கிறாரா? ஆம்.

6

மெல்பர்னில் புதிய முடிவுக்கு எதிர்ப்பு இல்லாமல் இல்லை. மாப்பிள்ளையாக நடித்த நண்பர், தீபாவளியும் அதுவுமாக மாப்பிள்ளையைத் திருப்பி அனுப்புவது மங்கலமாக இல்லையே என்றார். பச்சை மை எட்டாயிரம் கிலோமீட்டர் தாண்டியும் ஊறியிருக்கிறது. படிவத்தின் கடைசிக் கட்டத்தை அவரிடம் காட்டினேன். மாற்றம் செய்திருக்கிறீர்களா என்பதற்கு நான் எழுதியிருந்த பதில்: 'முன்பு செய்திருந்தோம். இப்போது எடுத்துவிட்டோம்.' ஹெலன் அதைப் படித்துவிட்டு, இப்படி ஒரு பதில் அவருக்கு வந்ததே இல்லை என்று கூறிச் சாவியைக் கொடுத்தார்.

புதிய முடிவைக் கேட்டதிலிருந்து இனியாவின் தமிழ் ஒத்திகைக்கு ஒரு சுற்று வளர்ந்தது. 'லோடு' என்பதை மட்டும் ஆங்கிலமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கா போனில் நாலு தடவை சொல்லிக் கொடுத்தார். ஐந்தாவது தடவை அவளே வத்தல் மண்டியைப் பற்றிக் கேள்வி கேட்க ஆரம்பித்து, முக்கால் மணி நேரம் பேசினாள். எனக்கு இவ்வளவு நேரம் அவள் கிடைத்ததில்லை.

நோட்டீஸின் ப்ரூஃபை பாஸ்கர் எனக்கும் அக்காவுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். நான் ரயிலில் இருந்தேன். அக்கா பார்த்துக்கொள்வார் என்று மூடிவிட்டேன். முப்பது வருடம் லட்சக்கணக்கான பெயர்களைத் திருத்திய கண் அது. இரண்டு நிமிடத்தில் அக்காவிடமிருந்து பதில்: ஓகே.

நோட்டீஸ் கட்டு கூரியரில் வந்தது நாடகத்துக்கு முந்தின நாள். நல்ல கனமான தாள், பளபளவென்று ஒரு லாரி, அதில் சிவப்பு மூட்டைகள். மேலே பெரிய எழுத்தில், கதை, வசனம்: ச. தங்கமாரி. 'தொழிலதிபர்' இல்லை, 'அவர்கள்' இல்லை. இனியா கீழே நடிகர் பட்டியல்வரை படித்துக்கொண்டே போனாள்.

"அப்பா, உங்க பேர் எங்க?"

பத்து பெயர்கள் இருந்தன. இந்தத் தடவை நான் பெண்ணின் அப்பா. அந்த வரியே இல்லை. மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே இரண்டு தடவை பார்த்தேன்.

"ஆன்ட்டி ப்ரூஃப் பார்த்தாங்கதானே? எப்படி மிஸ் பண்ணாங்க?"

எப்படி என்று எனக்குத் தெரிந்தது. அவர் மேலே இருந்த அந்த ஒரு வரியை மட்டும்தான் படித்திருக்கிறார். ரயிலில் இருந்த நான் அதைக்கூடப் படிக்கவில்லை.

மறுநாள் மாலை ஐந்து மணிக்குத் திரை விலகியது. விருதுநகரில் அப்போது பகல் பதினொன்றரை. முதல் வரிசையில் ஒரு நாற்காலியில் போனை நிமிர்த்தி வைத்திருந்தோம். அதற்குள் அக்காவும் கணேசன் அண்ணனும் பாஸ்கரும். இனியா மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்து, நிதானமாக, "லோடு சரியில்ல" என்றாள். சிரிப்பு அடங்குவதற்குள் லாரி கிளம்பிவிட்டது. தும்மல் கேட்டது. கைதட்டலில் போனுக்குள்ளிருந்து வந்ததும் சேர்ந்திருந்தது.

பிறகு அக்காவிடம் பேசினேன். "பொண்ணு நல்லாச் சொன்னா" என்றார். உடனே ப்ரூஃப் பார்க்கிறவரின் குரல் திரும்பியது.

"நோட்டீஸு வந்துச்சா? தப்பு ஏதும் இல்லையில்ல?"

பிழையைப் பார்த்தும் சொல்லாமல் விட்டதாக என் ஒன்பது வருடப் பத்திரிகை வேலையில் ஒரு நாளும் கிடையாது.

"ஒண்ணும் இல்லக்கா" என்றேன்.